வேர் அறிந்து சொல் அறிதல்: ஆங்கிலத்தில் கிரேக்கச் சொற்கள்

ஆங்கிலம் பயிலும் மாணவர்க்குத் தொல்லை தருவன அம்மொழியின் சிறு சொற்கள் அல்ல; நெடுஞ்சொற்களே. கை, கால், வீடு, நீர், உப்பு முதலியவற்றைக் குறிக்கும் சொற்களை ஆறேழு வயதுக் குழந்தையும் எளிதிற் பற்றிக்கொள்ளுகிறது. ஆனால், உயர்வகுப்பிற் புகுந்து அறிவியல், பூகோளம், மருத்துவம், அரசியல் ஆகிய துறை நூல்களைத் திறந்தவுடன் 'தெர்மாமீட்டர்', 'மைக்ராஸ்கோப்', 'ஜியாக்ரபி', 'சைக்காலஜி', 'டெமாக்ரசி' என்று சொற்கள் வரிசையாக வந்து வழிமறிக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய முயன்று, பாதி மறந்து, மீதியைப் பொருள் தெரியாமல் எழுதும் மாணவர் பலர்.

இச்சொற்களுள் பெரும்பாலானவை கிரேக்க மொழியின் வேர்களைக் கொண்டு கட்டப்பட்டவை. கட்டிய முறையை அறிந்தோர்க்கு அவற்றின் பொருள் தானே திறக்கும். 'டெலி' என்றால் தொலை. 'மைக்ரோ' என்றால் சிறிது. 'ஸ்கோப்' என்பது பார்த்தலைக் குறிக்கும் வேர். 'டெலிஸ்கோப்' தொலைநோக்கி ஆவதும், 'மைக்ராஸ்கோப்' நுண்ணோக்கி ஆவதும் இதனால் விளங்கும். இம்முறையில் ஐம்பது வேர்களைக் கற்றவன் பல நூறு சொற்களின் வாயிலில் நிற்கிறான்.

எனினும், வேரின் பொருளே சொல்லின் பொருள் என்று நம்பிச் சென்றோர் இடறி விழுந்த இடங்களும் பல. எங்கே நம்பலாம், எங்கே ஐயுற வேண்டும் என்பது அச்சொற்கள் ஆங்கிலத்திற்கு வந்த வரலாற்றை அறிந்தாலன்றிப் புலப்படாது.

மூன்று வாயில்கள்

கிரேக்கச் சொற்கள் ஆங்கிலத்திற்குள் ஒரே காலத்தில், ஒரே வழியில் வந்தவை அல்ல. முதல் வாயில் சமயம். கி.பி. 597-இல் அகஸ்டின் என்னும் துறவி ரோமிலிருந்து கெண்ட் நாட்டிற்கு வந்து கிறித்துவ சமயத்தைப் பரப்பினார். சமயத்தோடு சமயச் சொற்களும் இலத்தீன் வழியாக வந்தன. 'பிஷப்' என்பது அவற்றுள் ஒன்று. கிரேக்கத்தில் இது 'எபிஸ்கோபோஸ்'. 'எபி' என்றால் மேல். 'ஸ்கோபோஸ்' என்றால் பார்ப்பவன். ஆகவே மேற்பார்வையாளன் என்பதே இதன் பொருள். தொலைநோக்கியில் உள்ள அதே வேர்தான் இங்கும் இருக்கிறது. ஆயினும் பன்னூறாண்டுகள் மக்கள் வாயில் உருண்டு தேய்ந்தமையால் இச்சொல்லைக் கண்ணாற் பார்த்து அதை அறிய முடிவதில்லை. 'தூதன்' என்னும் பொருளுடைய 'ஆங்கெலோஸ்' என்பதே 'ஏஞ்சல்' ஆயிற்று. 'ஆண்டவருக்குரியது' என்னும் பொருளுடைய 'கிரியாகோன்' என்பதே 'சர்ச்' ஆயிற்று.

இரண்டாம் வாயில் இலத்தீனும் பிரெஞ்சும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழியே நீண்டகாலம் வழங்கியது. இலத்தீன் முன்னமே கிரேக்கத்திடமிருந்து பெற்றிருந்த சொற்கள் பல பிரெஞ்சின் தோளேறி ஆங்கிலத்திற்கு வந்தன. 'எழுத்து' எனப் பொருள்படும் 'கிராம்மா' என்பதன் வழிவந்த 'கிராமர்' அவ்வாறு வந்தது. காலப்பகுதியைக் குறிக்கும் 'ஹோரா' என்னும் சொல் அவ்வாறே 'அவர்' என்று ஆகி இன்று மணிக்கணக்கைக் குறிக்கிறது. தமிழில் வழங்கும் 'ஓரை' என்பதும் வடமொழி வழியாக வந்த அதே கிரேக்கச் சொல்லே என்று அறிஞர் பலர் கூறுவர். அது தமிழிலேயே தோன்றியது என்பாரும் உளர்.

ஆசிரியர்களுக்கு நெருங்கிய இரு சொற்கள் இங்குக் குறிக்கத்தக்கன. 'ஸ்கூல்' என்பதன் மூலமாகிய 'ஸ்கோலே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்பது பொருள். வயிற்றுப்பாட்டிற்கான வேலைகளினின்று விடுபட்ட நேரம், அந்நேரத்தில் நிகழ்த்தும் அறிவுரையாடல், அது நிகழும் இடம் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. மற்றொன்று ஆசிரியரைக் குறிக்கும் 'பெடகாக்' என்பது. கிரேக்கத்தில் 'பைடாகோகோஸ்' என்றால் சிறுவனை அழைத்துச் செல்பவன். செல்வர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிச்சென்று திரும்ப அழைத்துவந்த அடிமைக்கு அப்பெயர் இருந்தது. பாடம் சொன்னவர் வேறொருவர். அடிமையின் பெயர் பின்னாளில் ஆசிரியருக்கு ஆயிற்று. வேரை மட்டும் பிடித்துக்கொண்டால் இவ்விரு சொற்களின் இன்றைய பொருளை எவரும் ஊகிக்க முடியாது.

மூன்றாம் வாயில் மறுமலர்ச்சிக் காலம். மேற்கு ஐரோப்பாவில் இடைக்காலத்தில் கிரேக்கம் அறிந்தோர் மிகச் சிலரே. 1397-இல் மனுவேல் கிரைசொலொராஸ் என்னும் கிரேக்க அறிஞர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்கு வந்து கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கினார். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமான பின்னர் மேலும் பலர் நூற்சுவடிகளோடு இத்தாலியை அடைந்தனர். இங்கிலாந்திலிருந்து வில்லியம் குரோசின், தாமஸ் லினக்கர் ஆகியோர் இத்தாலி சென்று கிரேக்கம் பயின்று திரும்பினர். எராஸ்மஸ் 1511 முதல் 1514 வரை கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்தார். 1540-இல் அப்பல்கலைக்கழகத்தில் அரச நியமனம் பெற்ற முதற் கிரேக்கப் பேராசிரியராக ஜான் சீக் அமர்ந்தார். இக்காலத்தில் வந்த சொற்கள் மக்கள் வாயிற் பட்டுத் தேயாதவை. ஏட்டிலிருந்து ஏட்டிற்கு வந்தவை. ஆகவே அவற்றின் வேர்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. வேர் கண்டு பொருள் கொள்ளும் முறை பெரிதும் பயன்படுவது இம்மூன்றாம் வாயில் வழி வந்த சொற்களிடத்திலேயாம்.

எழுத்தே காட்டும் அடையாளம்

ஒரு சொல் கிரேக்க வழியினது என்பதை அதன் எழுத்துக்கூட்டே பலகாலும் காட்டிக்கொடுக்கும். கிரேக்க எழுத்துகளுட் சில இலத்தீனில் இல்லை. ஆகவே ரோமானியர் அவற்றைத் தம் எழுத்துகளைக் கூட்டி எழுதினர். அவர் செய்த ஏற்பாடே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. 'பி', 'எச்' இரண்டும் சேர்ந்து 'எஃப்' ஒலி தருவது, 'சி', 'எச்' இரண்டும் சேர்ந்து 'க' ஒலி தருவது, 'ஆர்' எழுத்தின் பின் ஒலியாத 'எச்' வருவது, சொல்லின் நடுவே உயிரெழுத்தாக 'ஒய்' வருவது, 'சைக்காலஜி'யின் முதலில் ஒலியாத 'பி' நிற்பது ஆகியன யாவும் கிரேக்க முத்திரைகள். 'போட்டோகிராப்', 'கோரஸ்', 'ரிதம்' ஆகிய சொற்களின் எழுத்துக்கூட்டை நோக்குக. மாணவர் இவற்றை ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று வெறுப்பதுண்டு. காரணம் தெரிந்தபின் அவை பிழையின்றி எழுதத் துணைசெய்யும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நூலாசிரியரைக் குறிக்கும் 'ஆதர்' என்னும் சொல் இலத்தீன் 'ஆக்டர்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதில் 'எச்' எழுத்திற்கு இடமே இல்லை. அதனைக் கிரேக்கச் சொல் என்று தவறாக எண்ணியோர் இடையில் ஓர் 'எச்' எழுதினர். பின்னர் எழுத்தைப் பார்த்து ஒலியும் மாறியது. கற்றோர் செய்த பிழை நாட்டின் வழக்காகவே நிலைத்துவிட்டதற்கு இது சான்று.

மைக்கொம்புப் பூசல்

புதுச்சொற்கள் வெள்ளமெனப் புகுந்தபோது எல்லாரும் அவற்றை வரவேற்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் மாட்டுக்கொம்பிற் செய்த கூட்டில் மை வைத்திருப்பது வழக்கம். ஆகவே, பயிலாதோர்க்கு விளங்காத ஏட்டுச் சொற்களை 'மைக்கொம்புச் சொற்கள்' என்று எள்ளினர். 1531-இல் தாமஸ் எலியட் தம் நூலிற் பல புதுச்சொற்களை வேண்டுமென்றே கையாண்டு, ஆங்கிலத்தை வளப்படுத்துவதாகக் கூறினார். 1553-இல் தாமஸ் வில்சன் தம் சொல்வன்மை நூலில் அத்தகைய சொற்களைக் குவித்து எழுதுவோரைக் கடுமையாக நகையாடினார்.

இப்பூசலில் மிகவும் வியக்கத்தக்கவர் மேற்கூறிய ஜான் சீக். கிரேக்கத்தில் அவருக்கு நிகரானவர் அக்காலத்து இங்கிலாந்தில் அரியர். ஆயினும் தம் தாய்மொழி கலப்பின்றித் தூயதாக எழுதப்பட வேண்டும் என்றே அவர் விரும்பினார். 1557-இல் தாமஸ் ஹோபிக்கு எழுதிய கடிதத்தில் இக்கருத்தை வற்புறுத்தினார். எப்போதும் கடன் வாங்கித் திருப்பிக் கொடாத மொழி முடிவில் பொருளிழக்கும் என்பது அவர் அச்சம். மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்க்கையில் அவர் இதைச் செய்தும் காட்டினார். 'அப்பாஸ்டல்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'அனுப்பப்பட்டவன்' என்பது பொருள். அதை விலக்கி 'ஃபுரோசென்ட்' என்று பழைய ஆங்கிலப் பகுதிகளால் ஒரு சொல் ஆக்கினார். உவமைக் கதையைக் குறிக்கும் 'பாரபிள்' என்பதற்கு 'பைவேர்ட்' என்றும், நூறு வீரர் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் 'செஞ்சூரியன்' என்பதற்கு 'ஹண்ட்ரடர்' என்றும் எழுதினார். உழவனும் கேட்டவுடன் அறியத்தக்க சொற்கள் இவை. ஆனால் அம்மொழிபெயர்ப்பு 1843 வரை அச்சேறவே இல்லை. அவர் ஆக்கிய சொற்கள் வழக்கில் நிலைக்கவில்லை, 'அப்பாஸ்டல்' நின்றுவிட்டது.

சீக் தோற்றார் என்பது உண்மை. ஆயினும் அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை. அறிவு நூல்களின் சொற்கள் யாவும் வேற்றுமொழி வேர்களாலேயே அமையுமானால், அம்மொழியைக் கற்க வாய்ப்பில்லாத ஏழை எளியோர் அறிவுக்கு எவ்வழி செல்வர்? அக்காலத்தில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றோர் பெரும்பாலும் ஆடவர். அவருள்ளும் பள்ளிச் சம்பளமும் ஓய்வும் உடையோர். ஏனையோர்க்குத் தம் சொந்த மொழியின் நூலே பூட்டிய வீடாயிற்று.

ஒரு பள்ளி ஆசிரியர் செய்த திறவுகோல்

இவ்வினாவுக்கு விடை தர முன்வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ராபர்ட் காட்ரே என்பவர் ரட்லண்ட் மாவட்டத்து ஓக்கம் என்னும் ஊரில் ஆசிரியராய் இருந்தவர். பின்னர்ச் சமய குருவாகவும் பணியாற்றினார். 1604-இல் அவர் சொற்களை அகரவரிசைப்படுத்திய ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி என்று இன்று போற்றப்படுவது இதுவே. அதில் அடங்கியவை ஏறத்தாழ 2500 சொற்கள். எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூற அவர் முற்படவில்லை. கடினமான வழக்கில் உள்ள சொற்களுக்கு மட்டுமே எளிய ஆங்கிலத்திற் பொருள் தந்தார். யாருக்காக எழுதினார் என்பதை முகப்பிலேயே குறித்தார். பெண்டிர்க்கும் கல்வித்தேர்ச்சி பெறாத பிறர்க்கும் பயன்படவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆசிரியராகிய அவர் மகன் தாமஸும் இப்பணியில் துணைபுரிந்தார்.

வேர்ப்பாடம் கற்பிப்போர் கருதவேண்டிய செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. கிரேக்க வழிச் சொற்களுக்குப் பக்கத்தில் 'ஜி' என்னும் எழுத்தையும், பிரெஞ்சு வழிச் சொற்களுக்குமுன் வேறொரு குறியையும் அவர் இட்டார். சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கற்போர் அறிவது பொருளுணர்வுக்குத் துணையாகும் என்பதை அவர் கண்டிருந்தார். அவர் சிறு நூலின் முதற்பதிப்புப் படி ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் அது காக்கப்படுகிறது. 1721-இல் நேத்தன் பெய்லி சொற்பிறப்பைத் தலைப்பிலேயே கூறும் அகராதியை வெளியிட்டார். அவரும் பள்ளி நடத்தியவர். 1755-இல் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வந்தது.

அறிவியலார் கட்டிய சொற்கள்

மறுமலர்ச்சிக் காலத்தவர் கிரேக்கரிடம் இருந்த சொற்களை எடுத்துக்கொண்டனர். அதன்பின் வந்த அறிவியலாரோ கிரேக்கர் கனவிலும் கேளாத சொற்களைக் கிரேக்க வேர்களால் தாமே கட்டினர். கலிலியோவின் கருவிக்கு 'டெலிஸ்கோப்' என்னும் பெயர் 1611-இல் ரோமில் நிகழ்ந்த ஒரு விருந்தில் இடப்பட்டது. 1625-இல் ஜியோவன்னி ஃபாபர் அதைப் பின்பற்றி 'மைக்ராஸ்கோப்' என்று பெயரிட்டார். 'போட்டோ' என்பது ஒளி. 'கிராப்' என்பது எழுதுதல். ஒளியால் எழுதும் கலைக்கு 'போட்டோகிராபி' என்னும் பெயரை 1839-இல் ஜான் ஹெர்ஷல் நாடறியச் செய்தார்.

'எலெக்ட்ரிசிட்டி' என்னும் சொல்லின் கதை சுவையுடையது. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரான்' என்றால் மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பர் என்னும் பொருள். அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும். 1600-இல் வில்லியம் கில்பர்ட் காந்தத்தைப் பற்றி எழுதிய நூலில் அம்பரைப்போல் ஈர்க்கும் பொருள்களுக்கு அதன் பெயராலேயே ஓர் அடைமொழி அமைத்தார். 1891-இல் ஜான்ஸ்டன் ஸ்டோனி மின்னூட்டத்தின் அலகுக்கு 'எலெக்ட்ரான்' என்றே பெயரிட்டார். கிரேக்கர் பெயர் பிசினைத் தேய்த்த கையிலிருந்து வந்தது. தமிழர் 'மின்' என்னும் சொல் வானத்து மின்னலிலிருந்து வந்தது. பொருள் ஒன்று, கண்ட இடம் வேறு.

மைக்கேல் ஃபாரடே கொல்லன் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு, கிரேக்கம் அறியார். மின்னோட்டத்தால் நீர்மங்கள் சிதைவதை ஆராய்ந்தபோது புதுப்பெயர்கள் தேவையாயின. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சார்ந்த வில்லியம் ஹ்யூவெலுக்கு அவர் எழுதிக் கேட்டார். 1834-இல் ஹ்யூவெல் தந்தவையே 'ஆனோட்', 'கேதோட்', 'அயான்' முதலிய பெயர்கள். 'அனா' என்றால் மேல்நோக்கி. 'கத்தா' என்றால் கீழ்நோக்கி. 'ஹோடோஸ்' என்றால் வழி. மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதாக ஃபாரடே கற்பனை செய்துகொண்டார். ஆகவே ஒரு முனை ஞாயிறு ஏறும் வழி, மற்றது இறங்கும் வழி. 'அயான்' என்றால் செல்வது. 'மெதட்', 'பீரியட்' என்னும் சொற்களிலும் அதே 'ஹோடோஸ்' ஒளிந்துள்ளது. கொல்லன் மகனுக்குக் கிரேக்கம் தெரியாதது அவர் அறிவுக்குத் தடையாகவில்லை. பெயர் வைப்பதற்கு மட்டும் பிறர் வாயிலில் நிற்க வேண்டியதாயிற்று.

வேர் இடறும் இடங்கள்

வேரிலிருந்து சொல்லின் பொருளைக் காண்போர் இடறக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, பெயரிட்டவர் கருத்தே பிழையாய் இருத்தல். 'ஆக்சிஜன்' என்பதில் 'ஆக்சிஸ்' என்பது புளிப்பு. 'ஜென்' என்பது பிறப்பித்தல். எல்லா அமிலங்களுக்கும் அவ்வாயுவே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் எண்ணியதால் 'புளிப்பைப் பிறப்பிப்பது' எனப் பெயரிட்டார். 1787-இல் வெளிவந்த வேதியியற் பெயரமைப்பு நூலில் அது இடம்பெற்றது. 1810-இல் ஹம்ஃப்ரி டேவி, உப்பிலிருந்து பெறப்படும் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்றும் அதிலுள்ள பசுமை நிற வாயு ஒரு தனிமம் என்றும் காட்டினார். பெயரிடும்போது அவர் எச்சரிக்கையாய் இருந்தார். கொள்கை எதையும் பெயரில் ஏற்றாமல், கண்ணுக்குத் தெரிந்த வெளிர்பச்சை நிறத்தைக் கொண்டு 'குளோரின்' என்றார். கொள்கை மாறியது; லவாய்சியர் இட்ட பெயர் பிழையோடு நிற்கிறது, டேவி இட்ட பெயர் பழுதின்றி நிற்கிறது.

'ஆட்டம்' என்றால் பிளக்க முடியாதது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் அணுவினும் சிறிய துகள் இருப்பதைக் காட்டினார். 1938-இல் யுரேனிய அணுவின் கரு பிளக்கப்பட்டது. 'பிளக்க முடியாததைப் பிளத்தல்' என்று சொல்லும்படி ஆயிற்று. 'மெலங்கலி' என்னும் மனச்சோர்வு, வேரளவில் 'கரும்பித்தம்'. உடலில் கரும்பித்தம் மிகுவதால் சோர்வு வரும் என்று கிரேக்க மருத்துவர் கருதினர்; அக்கருத்து மறைந்தும் சொல் மறையவில்லை. 'ஹிப்போபொட்டமஸ்' என்பதற்குக் கிரேக்கத்தில் ஆற்றுக்குதிரை என்பது பொருள். தமிழர் அதனை நீர்யானை என்றனர். அவ்விலங்கோ குதிரையும் அன்று, யானையும் அன்று.

இரண்டாவது, வேறு வேர்கள் ஒரே தோற்றம் கொள்ளுதல். கிரேக்க 'ஹோமோ' என்பது ஒரே தன்மை. இலத்தீன் 'ஹோமோ' என்பது மனிதன். 'ஹோமோஜீனியஸ்' என்றால் ஓரினமானது. 'ஹோமிசைட்' என்றால் ஆட்கொலை. 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் குழந்தை மருத்துவத்தில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். 'பெடல்' என்பதில் இருப்பது காலைக் குறிக்கும் இலத்தீன் வேர். 'பாரலல்' என்பதன் 'பாரா' பக்கம் எனப் பொருள்படும் கிரேக்கம். 'பாரசூட்' என்பதன் 'பாரா' தடுத்தல் எனப் பொருள்பட்டு இலத்தீன் வழி வந்தது.

மூன்றாவது, தவறான இடத்தில் வெட்டுதல். 'ஹெலிகாப்டர்' என்பதை 'ஹெலி' என்றும் 'காப்டர்' என்றும் பிரிப்பது வழக்கம். 1861-இல் பிரெஞ்சில் இதை ஆக்கியோர் திருகுசுருளைக் குறிக்கும் 'ஹெலிக்' என்பதையும் சிறகைக் குறிக்கும் 'ப்டெரான்' என்பதையும் சேர்த்தனர். ஆயினும் அது இறங்குமிடத்தை 'ஹெலிபோர்ட்' என்று இன்று உலகமே வழங்குகிறது. வழக்கு வென்றால் இலக்கணம் வாயடைக்கும்.

இம்மூன்றையும் ஆராய்ந்தோர் கண்ட முடிவு, சொல்லின் பொருளை அதன் வழக்கிலேயே காண வேண்டும் என்பது. அம்முறையில் எழுந்ததே ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி. அதன் தலைமைப் பதிப்பாசிரியராய்ப் பெரும்பகுதியை உருவாக்கிய ஜேம்ஸ் மரே, மில் ஹில் பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர். முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது; 1915-இல் மரே மறைந்தார்; 1928-இல் பணி நிறைவுற்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் வேரை முதலிற் கூறி, பின்னர் எந்த நூற்றாண்டில் எப்பொருளில் எவ்வாறு வழங்கியது என்பதைச் சான்றுகளோடு காட்டுவது அதன் முறை. வேர் தொடக்கத்தைக் காட்டும். வழக்கே பொருளை முடிவுசெய்யும்.

இந்நாட்டின் கிரேக்கப் பெயர்

கிரேக்க வேர்களுக்கும் மலாயாவிற்கும் நேரான தொடர்பும் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் பூகோள நூலில் கிழக்கே ஒரு தீவக்குறையைக் 'கிரிசே கெர்சொனேசோஸ்' என்று குறித்தார். 'கிரிசே' பொன், 'கெர்சோஸ்' உலர்நிலம், 'நேசோஸ்' தீவு. நிலத்தோடு ஒட்டிய தீவு, அதாவது தீபகற்பம். அது மலாயாவே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அதே 'நேசோஸ்' பல தீவுகள் எனப் பொருள்படும் 'பாலினேசியா'வில் உள்ளது. 1850-இல் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்பவர் சிங்கப்பூரில் நடத்திய ஆராய்ச்சி இதழில் ஜார்ஜ் வின்சர் ஏர்ல் ஒரு பெயரமைப்பை முன்மொழிந்தார். அதையொட்டி லோகன் 'இந்தோனேசியா' என்னும் பெயரை எழுதினார். ஒரு பெருநாட்டின் பெயர் இவ்வாறு கிரேக்க வேரால் சிங்கப்பூர் அச்சுத்தாளில் தோன்றியது.

கிரேக்கரும் பிறரிடம் கடன் பெற்றவரே. இஞ்சியை அவர் 'சிங்கிபெரிஸ்' என்றனர். அது பாலி முதலிய மொழிகளில் வழங்கிய 'சிங்கிவேர' என்பதன் வழிவந்தது. அதன் மூலம் திராவிட மொழிக்குரிய 'இஞ்சி', 'வேர்' என்னும் சொற்கள். வடமொழியாளர் இதைச் 'சிருங்கவேர' என்றாக்கி, கொம்புபோன்ற உடலுடையது என்று பொருள் கூறினர். அது ஒலியொப்புமை பற்றி எழுந்த பிற்காலப் பொருத்தமே. ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' இவ்வழியில் வந்தது. இதனைக் கண்டு, ஒலி ஒத்த சொல்லெல்லாம் தமிழே என்று முடிவு கட்டுதலும் தகாது. கிரேக்க 'ஒரிசா' தமிழ் 'அரிசி'யிலிருந்து வந்தது என்று கால்டுவெல் கருதினார். பழைய ஈரானிய மொழி வழியாகச் சென்றது என்பதே பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. பிறர்க்குரிய எச்சரிக்கை தமிழர்க்கும் உரியதே.

தமிழாசிரியர் கொள்ளத்தக்கவை

சீக் ஆங்கிலத்தில் செய்து தோற்றதைத் தமிழர் தமிழில் செய்து வென்றுள்ளனர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கெனத் தமிழ்க் கலைச்சொற்களை உருவாக்கினார். பிற்காலத்து அறிஞர் பலர் அவ்வழியிற் சென்றனர். இன்று தொலைபேசி, தொலைக்காட்சி, நுண்ணோக்கி, வெப்பமானி என்பவற்றைக் கேட்ட தமிழ்க் குழந்தைக்கு அகராதி வேண்டுவதில்லை. கிரேக்கச் சொல்லின் அமைப்பும் தமிழ்ச் சொல்லின் அமைப்பும் பகுதிக்குப் பகுதி ஒத்திருக்கின்றன. 'டெலி'க்குத் 'தொலை' என்றும், 'மீட்டர்' என்பதற்கு 'மானி' என்றும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதிக் காட்டினால், தமிழ்ச் சொல்லே ஆங்கிலச் சொல்லுக்கு உரையாகிவிடும்.

பயன் ஆங்கிலத்தோடு நிற்பதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளி செல்லும் மலேசிய மாணவர் மலாய்ப் பாடநூல்களில் 'பியோலோகி', 'கெயோகிராபி', 'மிக்ரோஸ்கோப்', 'டெமோக்ராசி' என்று காண்பவையும் அதே கிரேக்க வேர்களே. ஒரு முறை கற்ற வேர் இரு மொழிகளில் உதவுகிறது.

கற்பிக்கும் முறையிற் கருத்து வேண்டும். வேர்ப்பட்டியலை மட்டும் கொடுத்து ஒப்புவிக்கச் செய்தல் பயன் தராது. தெரிந்த சொற்கள் இரண்டு மூன்றிலிருந்து பொதுவேரை மாணவரே கண்டெடுக்கச் செய்தல் வேண்டும். அவ்வேரைக் கொண்டு புதுச்சொல்லின் பொருளை ஊகிக்கச் சொல்லுதல் அடுத்த படி. ஊகம் சரியா என்பதை அகராதியிலும், சொல் வந்த வாக்கியத்திலும் பார்த்து முடிவுசெய்யச் சொல்லுதல் மூன்றாம் படி. இம்மூன்றாம் படியை விட்டுவிட்டால், ஆக்சிஜனைப் புளிப்பென்றும் நீர்யானையைக் குதிரையென்றும் நம்பும் மாணவரே உருவாவர்.

கிரேக்க வேர்கள் ஒருகாலத்தில் எளியோரைத் தடுத்த மதிலாக நின்றன. காட்ரே போன்ற பள்ளி ஆசிரியர் அம்மதிலில் வாயில் திறந்தனர். அவ்வாயிலைத் தம் மாணவர்க்கும் காட்டுவது ஒவ்வொரு வகுப்பறையிலும் ஆசிரியர் கையில் உள்ள பணியாகும்.